கூதலுக்கு முதலில் காலை மூடுங்கள்: ரொறன்ரோவில் தெர்மல் போடுகிற முறை

நவம்பர் பிறந்ததும் ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஜக்கெற்றைப் பற்றித்தான். எந்தக் கடையில் வாங்கலாம், உள்ளே இறகு வைத்தது நல்லதா, முழங்கால் வரை நீளம் வேண்டுமா என்று விலாவாரியாக விசாரிப்பார்கள். விசாரித்து, முதல் சம்பளத்தில் பெரிய பங்கைக் கொடுத்து நல்லதாகவே ஒன்றை வாங்கியும் விடுவார்கள். பிறகு பார்த்தால், அந்த ஜக்கெற்றுக்குக் கீழே ஒற்றை ஜீன்ஸோடு எக்ளின்ரன் வீதியில் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். நெஞ்சு வியர்க்கிறது, தொடை விறைக்கிறது. ஜக்கெற் சரியில்லையாக்கும் என்று அடுத்த கிழமை இன்னொரு கடை ஏறுகிறார்கள்.

ஜக்கெற்றில் ஒரு பிழையும் இல்லை. உடம்பில் பாதி காலும் இடுப்பும்தான். அந்தப் பாதிக்கு ஒன்றும் செய்யாமல் மேல் பாதிக்கு எவ்வளவு செலவழித்தாலும் கூதல் நிற்காது. அதற்குத்தான் தெர்மல், அதாவது குளிருக்கென்று தோலோடு படியப் போடுகிற உள்ளுடுப்பு. நம்மவர்களுக்கு இது ஏன் தோன்றுவதில்லை என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் மார்கழிப் பனி என்றால் தலையில் துவாயைக் கட்டுவோம், காதை மூடுவோம், நெஞ்சில் போர்வையைச் சுற்றுவோம். "தலையில் பனி இறங்கும்" என்று அம்மம்மா கத்துவா. காலைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் சொன்னதில்லை. சாரத்தோடும் பாவாடையோடும் கால் காற்றாடத் திரிந்த ஊர் அது. நம் குளிர் அறிவு தலையோடும் நெஞ்சோடும் நின்றுவிட்டது. அதைத்தான் இங்கேயும் கொண்டுவந்திருக்கிறோம்.

நான் பி.எஸ்.டபிள்யூ, அதாவது வீட்டுப் பராமரிப்பு உதவியாளர் வேலை செய்கிறேன். வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு கொடுப்பது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பஸ்ஸில்தான் போவேன். 2023 ஜூலையில் ஸ்காபரோவில் ஓடிய ஆர்.ரி. என்ற நகர ரயில் தடம் புரண்டு, அதோடு அந்த ஓட்டமே நின்றுபோன பிறகு, வெளியில் நிற்கிற நேரம் கூடிவிட்டது. ஆகவே இதில் எனக்கு இரண்டு பக்கமும் தெரியும். பஸ் தரிப்பில் நிற்கிற காலும் தெரியும், கூதலுக்குப் பயந்து நவம்பரிலிருந்து சித்திரை வரை வீட்டுக்குள்ளேயே இருக்கிற காலும் தெரியும்.

போடாததற்குச் சொல்கிற காரணங்கள்

இளம் பொடியன்களிடம் சொன்னால், "அது வயசு போன ஆக்கள் போடுறது, அக்கா" என்பார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் ஜனவரியிலும் ஜக்கெற்றைத் திறந்துவிட்டுக்கொண்டு கணுக்கால் தெரியப் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்து, கனடாக்காரர் எல்லாரும் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதில் பாதிப் பிள்ளைகள் வீட்டு வாசலில் காரில் ஏறி, பள்ளிக்கூட வாசலில் இறங்குகிறவர்கள். நாள் முழுக்க வெளியில் நிற்கிறவர்களைப் பாருங்கள். வீதி திருத்துகிறவர்கள், மின்கம்பத்தில் ஏறுகிறவர்கள், வீடு வீடாகக் கடிதம் போடுகிறவர்கள். குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டும்போது காற்சட்டை நுனிக்குள் கறுப்பாக ஒரு துணி தெரியும். அதுதான் தெர்மல்.

கனடாவில் மரம் தறித்தவர்களும் சுரங்கத்தில் இறங்கியவர்களும் கம்பளி உள்ளுடுப்பு போட்டுத்தான் வேலை செய்தார்கள். நோவா ஸ்கோஷியாவில் ட்ரூரோ என்ற ஊரில் ஸ்ரான்ஃபீல்ட்ஸ் என்று ஒரு கம்பனி இருக்கிறது. 1856இல் தொடங்கியது. தோய்த்தாலும் சுருங்காத கம்பளி உள்ளுடுப்பால்தான் பெயர் எடுத்தது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை ரொபேர்ட் ஸ்ரான்ஃபீல்ட் 1956 முதல் 1967 வரை அந்த மாகாணத்தின் முதல்வராக இருந்தார், பிறகு நாட்டின் எதிர்க்கட்சித் தலைவராகவும் வந்தார். இந்த நாட்டில் இது மறைத்து வெட்கப்படுகிற சாமான் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கணுக்கால் தெரியப் போகிற விஷயத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். காற்றோடு சேர்த்துக் கணக்கிடும் குளிர், அதாவது விண்ட் சில், −28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம் என்று கனடாவின் சுற்றாடல் திணைக்களம் எச்சரிக்கிறது. ஒரு பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்க அந்த நேரம் சரியாகப் போய்விடும்.

பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், சொல்கிற அடுத்த காரணம் "குண்டாகத் தெரியும்". மெல்லிய தெர்மல் ஒரு பெனியனின் மொத்தம்கூட வராது. அதைப் போட்டால் அதற்கு மேலே இரண்டு சுவெற்றர் தேவைப்படாது. மெல்லிசாகத் தெரிய வேண்டுமென்றாலும் இதுதான் வழி.

அறுபது தாண்டிய அண்ணாமார் சொல்வது வேறு. "நான் எண்பதுகளிலேயே வந்தவன், இந்தக் கூதலை எத்தனை பார்த்தாச்சு." உண்மைதான். ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவிவிட்டு, கடைசிப் பஸ்ஸும் போன பிறகு நடந்தே வீட்டுக்கு வந்தவர்கள் அவர்கள். அன்றைக்கு அவர்களிடம் தெர்மல் வாங்கக் காசு இருக்கவில்லை. ஊருக்கு அனுப்பவே சரியாக இருந்தது. ஆனால் அன்றைக்கு வயது 25. இன்றைக்கு அநேகம் பேருக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. சீனி வருத்தம் நரம்பைத் தொட்டுவிட்டால் காலில் உணர்ச்சி குறையும். கூதல் தெரியவில்லை என்றால் கூதல் படவில்லை என்று அர்த்தமில்லை. அந்த அண்ணாமாருக்குத்தான் மற்றவர்களைவிட இது அவசியம்.

இதெல்லாம் தமிழருக்கு மட்டும் உள்ள பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். என்னோடு வேலை செய்கிற சீனப் பெண்ணின் வீட்டிலும் இதே சண்டைதான். வடக்குச் சீனாவில் தாய்மார் உள் காற்சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளைத் துரத்துவார்களாம். பிள்ளைகள் வடிவு கெட்டுவிடும் என்று ஓடுவார்களாம்.

எதை வாங்குவது

நம்மைச் சூடாக வைப்பது துணி இல்லை. தோலுக்கும் துணிக்கும் இடையில் அசையாமல் நிற்கிற காற்று. ஜீன்ஸ் ஒன்றை மட்டும் போட்டால் அந்தக் காற்று நிற்பதற்கு இடமே இல்லை. குளிர்ந்த துணி நேராகத் தொடையில் ஒட்டுகிறது. உள்ளே மெல்லியதாக ஒன்று வந்தவுடன் நிலைமை மாறுகிறது. அடுத்தது ஈரம். தண்ணீர் காற்றைப்போல ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பஸ்ஸைப் பிடிக்க ஓடி வியர்த்துவிட்டு, அந்த ஈரத்தோடு நின்றால் ஓடாமல் நின்றவரைவிட உங்களுக்குத்தான் அதிகம் நடுங்கும்.

அதனால்தான் கொட்டன் வேண்டாம் என்கிறேன். ஊரில் வியர்வையை உறிஞ்சும் என்று கொட்டனைத் தேடுவோம், அந்தக் குணமே இங்கே எதிரி. உறிஞ்சிய ஈரத்தைத் தோலோடு வைத்துக்கொண்டே இருக்கும். கடையில் சின்னச் சின்னச் சதுரமாக நெய்த தெர்மல் மலிவாகக் குவித்து வைத்திருப்பார்கள். தொட்டால் மெத்தென்று இருக்கும். உள்பக்கத்து லேபலைத் திருப்பி வாசியுங்கள், கொட்டன் 60 வீதம் என்று இருந்தால் அது வீட்டில் போட்டுப் படுக்க நல்லது. வேலைக்குப் போட்டுக்கொண்டு போக அது வேண்டாம்.

பொலியெஸ்ரர் தன் எடையில் ஒரு வீதம்கூட ஈரத்தை இழுக்காது. வியர்வையை வெளிப்பக்கம் தள்ளிக் கெதியில் காய்ந்துவிடும். வோல்மார்ட், கொஸ்ற்கோ போன்ற கடைகளில் மேலும் கீழும் சேர்த்து 30, 40 டொலருக்குள் எடுக்கலாம். மாணவர்களுக்கும் வெயர்ஹவுஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது தாராளமாகப் போதும். இதன் குறை மணம். ஒரு நாள் போட்டால் தோய்த்தே ஆக வேண்டும்.

மெரினோ கம்பளி விலை கூட. ஒரு துண்டே 80, 100 டொலர் வரும். ஆனால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை நாருக்குள்ளே இழுத்து வைத்துக்கொண்டும் தோலுக்குக் காய்ந்ததாகவே இருக்கும். மணக்காது. சில நாட்கள் தொடர்ந்து போடலாம். "கம்பளி கடிக்கும்" என்று பயப்படுகிறவர்கள் நாரின் பருமனைப் பாருங்கள். 19 மைக்ரோனுக்குள் இருந்தால் அநேகருக்குக் கடிக்காது. கடையில் கையால் தடவிப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை, உள்ளங்கைத் தோல் தடித்தது. கழுத்துப் பக்கத்தில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். அங்கே கடிக்கவில்லை என்றால் தொடையிலும் கடிக்காது.

ஜப்பானிய உடுப்புக் கம்பனி யூனிக்லோவின் ஹீற்ரெக் என்ற தெர்மல் 2003இல் அங்கே வந்தது. மிக மெல்லியது, உடம்போடு படிந்திருக்கும், ஒஃபிஸ் உடுப்புக்குக் கீழே தெரியவே தெரியாது. சப்வேயிலிருந்து ஒஃபிஸ் வரை சிறிது நடக்கிறவர்களுக்கு அது அருமை. ஓடி ஆடி வியர்க்கிற வேலைக்கு நான் பொலியெஸ்ரரையோ மெரினோவையோதான் சொல்வேன்.

துணியின் தடிப்பைச் சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்று போட்டிருப்பார்கள். 150 மெல்லிசு, 200 நடுத்தரம், 250 தடித்தது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 200. எல்லா நாளுக்கும் அது சமாளிக்கும். இரண்டு வாங்க முடியுமென்றால் 150இல் இரண்டு வாங்குங்கள். அதிகம் குளிர்கிற நாளில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போடலாம்.

அளவு பார்க்கிற முறை: தெர்மல் உடம்போடு படிய வேண்டும், இறுக்கக் கூடாது. போட்டுக்கொண்டு கடையிலேயே ஒருமுறை குந்துங்கள். இடுப்புப் பட்டி கீழே இறங்கி நாரி தெரிந்தால் உயரம் போதாது. முழங்காலில் துணி இழுபட்டு வெளிச்சம் தெரிந்தால் ஓர் அளவு பெரிதாக எடுங்கள், இழுபட்ட துணியில் காற்று நிற்காது. கால் நுனியில் பட்டி வைத்ததாக இருக்க வேண்டும். பட்டி இல்லாதது நடக்க நடக்க முழங்காலுக்கு ஏறிவிடும்.

உடுத்துகிற வரிசை

முதலில் தெர்மல் மேற்சட்டை. அதன் நுனியை இடுப்புக்குக் கீழே நன்றாக இழுத்துவிட்டு, அதற்கு மேலே தெர்மல் காற்சட்டையைப் போடுங்கள். மேற்சட்டை உள்ளே போயிருந்தால்தான் குனிந்து நிமிரும்போது நாரியில் காற்று ஏறாது. பிறகு காற்சட்டையின் பட்டியைக் கணுக்கால் வரை இழுத்து, அதற்கு மேலே கால்மேஸ். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் அளவு தோல்கூடத் தெரியக் கூடாது. அதற்குப் பிறகு வெளிக் காற்சட்டை.

கால்மேஸ் ஒன்று போதும். மொத்தமான கால்மேஸ் இரண்டைப் போட்டுச் சப்பாத்துக்குள் காலை அமுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் முன்னரைவிட அதிகம் விறைக்கும். சப்பாத்துக்குள் விரல்களை ஆட்ட முடிகிறதா என்று பாருங்கள், அதுதான் கணக்கு.

வீட்டுக்குள் ஹீற்றர் சூட்டில் ஜக்கெற் வரை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு சாப்பாட்டைக் கட்டுவதும் தேத்தண்ணி குடிப்பதும் கூடாது. வாசலைத் தாண்டும்போதே முதுகு நனைந்திருக்கும். தெர்மலோடு வீட்டு வேலைகளை முடித்துக்கொண்டு, ஜக்கெற்றையும் தொப்பியையும் கதவடியில் போடுங்கள். பஸ்ஸுக்குள் ஏறியதும் ஜக்கெற்றின் சிப்பைத் திறந்துவிடுங்கள், இறங்க முதல் பூட்டுங்கள்.

0 முதல் −5 வரை, அதிக நேரம் நிற்கப் போகிறீர்கள் என்றால் மெல்லிய தெர்மல் காற்சட்டை மட்டும். −5க்குக் கீழே மேலும் கீழும். −15 தாண்டினால், அல்லது காற்று வீசினால், தெர்மலுக்கு மேலே காற்றுப் புகாத ஸ்னோ பான்ற்ஸ் வேண்டும். தெர்மல் காற்றை மறிக்காது. காற்றை மறிக்கிறது வெளி உடுப்பின் வேலை. காலையில் வெப்பநிலையைப் பார்க்காமல் விண்ட் சில்லைப் பார்த்து முடிவெடுங்கள்.

சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் கவனிக்க ஒன்று. காரில் குழந்தை ஆசனத்தில் மொத்த ஜக்கெற்றோடு இருத்திப் பட்டி பூட்டக் கூடாது. விபத்தில் ஜக்கெற் அமுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். தெர்மலும் மெல்லிய சுவெற்றரும் போட்டு, பட்டியை இறுக்கிப் பூட்டி, அதற்கு மேலே ஜக்கெற்றைப் போர்த்திவிடுங்கள்.

சேலைக்கும் வேட்டிக்கும் கீழே

ஜனவரி நமக்குப் பொங்கல் மாதம். ஒன்ராறியோவில் 2014இலிருந்தும், கனடா முழுவதற்கும் 2016இல் பாராளுமன்றம் ஏற்றதிலிருந்தும் தமிழ் மரபுத் திங்களும் அதுதான். ஆக, வருடத்தின் மோசமான கூதலில்தான் நாம் சேலையும் வேட்டியும் அதிகம் உடுக்கிறோம். மண்டபம் சூடாகத்தான் இருக்கும். கார் நிறுத்துமிடத்திலிருந்து மண்டப வாசலுக்குப் போகிற நடைதான் கொல்லும்.

சேலைக்குக் கீழே 150 கிராம் தெர்மல் காற்சட்டை போடுங்கள். அதற்கு மேலே உள்பாவாடை. நாடாவைத் தெர்மலின் இடுப்புப் பட்டிக்கு மேலே வைத்துக் கட்டினால் இரண்டும் வழுக்காது, கொய்யகமும் நன்றாகப் பிடிக்கும். கொட்டன் உள்பாவாடை தெர்மலோடு உரசி உரசி மேலே ஏறும். நடக்கும்போது முன்கொய்யகம் குலையும். வழுவழுப்பான சற்றின் துணியில் தைத்த உள்பாவாடை என்றால் வழுக்கிக்கொண்டு கீழேயே நிற்கும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே சேலை கட்டுகிற ஆக்களின் முறைப்பாடு பாதி தீர்ந்துவிடும்.

மேலுக்குத்தான் கஷ்டம். அளவெடுத்துத் தைத்த சட்டைக்குள் தெர்மல் நுழையாது. தைக்கக் கொடுக்கும்போதே உள்ளே ஓர் அங்குலம் பிரித்துவிடத் துணி விடச் சொல்லுங்கள். மார்கழியில் பிரித்துவிட்டு, பங்குனியில் திரும்பப் பிடிக்கலாம். கையில்லாத, கழுத்து அகலமான மெல்லிய தெர்மல் அதற்குள் வசதியாகப் போகும். இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது: கறுப்போ மெரூனோ, முழுக்கை மெரினோ மேற்சட்டை ஒன்றையே சட்டையாகப் போட்டுச் சேலை கட்டுவது. காஞ்சிபுரத்துக்கும் கைத்தறிக்கும் அது வடிவாகவே இருக்கும்.

வேட்டிக்குக் கீழே முழு நீளத் தெர்மல் போட்டால் நுனி எட்டிப் பார்க்கும். பனிச்சறுக்குக்குப் போகிறவர்களுக்கென்று முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கிற தெர்மல் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். கெண்டைக்கால் வரை கம்பளிக் கால்மேஸ் போட்டால் மிச்சமும் மூடிவிடும். கோயிலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடக்கவும் அது உதவும். வெளியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். வீதியில் போடுகிற உப்புக் கரைசல் வேட்டிக் கரையில் பட்டால் வெள்ளையாகப் படிந்து நிற்கும்.

வயதானவர்களுக்குப் போட்டுவிடும்போது

இதற்காகத்தான் இதை எழுதவே தொடங்கினேன். பிள்ளைகள் தாய் தகப்பனைக் கூப்பிட்டு வைத்திருக்கிறார்கள், நல்லாகப் பார்க்கிறார்கள். ஆனால் முதல் ஸ்னோ விழுந்தவுடன் அந்த அம்மாவும் ஐயாவும் கட்டடத்தின் பன்னிரண்டாம் மாடியில் ஜன்னலடிக்குப் போய்விடுகிறார்கள். சித்திரை வரை அதுதான் உலகம். "கூதல் ஒத்துக்கொள்ளாது" என்பார்கள். நான் போகிற வீடுகளில் பார்த்தால், அவர்களிடம் நல்ல ஜக்கெற் இருக்கும், மகன் வாங்கிக் கொடுத்தது. அதற்குக் கீழே நைற்றி. இந்த உடுப்போடு யாருக்கும்தான் கூதல் ஒத்துக்கொள்ளாது.

அவர்கள் தெர்மலை மறுப்பதற்கு உண்மையான காரணங்கள் இருக்கின்றன. அதைக் கேட்காமல் வற்புறுத்தக் கூடாது. அம்மாமாருக்குக் காற்சட்டை போட்டுப் பழக்கமில்லை, இறுக்கமாக ஒன்றைப் போடுவது மானக்குறைவாகப் படுகிறது. இருபாலாருக்கும் கழிவறைப் பயம்: அவசரத்துக்கு இறக்க முடியாமல் போனால்? அரிப்பு வரும் என்ற பயமும் உண்டு, வயதான தோல் இந்த ஊர்க் காய்ந்த காற்றில் உண்மையாகவே வெடிக்கிறது.

ஊரில் ஆசிரியராக இருந்த ஓர் அம்மா எனக்குப் பல மாதங்கள் "வேண்டாம் பிள்ளை" என்றே சொன்னா. வெளியில் போவதைப் பற்றிப் பேசாமல், வீட்டில் நைற்றிக்குக் கீழே போட்டுப் பார்க்கச் சொன்னேன். முழங்கால் வலி உள்ளவர், சூடாக இருந்தது பிடித்துவிட்டது. பிறகு கழற்ற மனமில்லை. வெயில் எறித்த ஒரு −3 நாளில், கீழே கடிதப் பெட்டி வரை போகலாமா என்று அவாவே கேட்டா. கட்டட வாசலில் நின்று கைத்தடியால் ஸ்னோவைக் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, "இது மணல் மாதிரியல்லோ இருக்கு" என்றா. கனடா வந்து எத்தனையோ வருடம் கழித்து.

போட்டுவிடுகிற முறை இது. குளித்த பிறகு கிறீம் பூசி, அது தோலில் ஊறும் வரை பொறுங்கள். ஈரத் தோலில் துணி சிக்கும். தெர்மலை டிரையரில் சில நிமிடம் சூடாக்கினால் மறுக்கவே மாட்டார்கள். மெரினோ என்றால் டிரையரில் போடாமல் உங்கள் ஜக்கெற்றுக்குள் அணைத்து வைத்துச் சூடாக்குங்கள். ஹீற்றர் மேலே துணியை ஒருபோதும் போட வேண்டாம். அவரைக் கட்டில் ஓரத்தில் இருத்தி, கால் பகுதியைக் கால்மேஸ் போல நுனிவரை சுருட்டிப் பிடித்து, முதலில் வலியுள்ள காலை நுழையுங்கள். இரண்டு காலும் முழங்கால் வரை வந்த பிறகு, ஒரேயொரு தடவை எழுப்பி நிறுத்தி இடுப்புக்கு ஏற்றுங்கள். இரண்டு மூன்று முறை எழுப்பினால் களைத்துவிடுவார், நாளைக்கு வேண்டாம் என்பார்.

ஓர் அளவு பெரிதாகவே வாங்குங்கள். மேலும் கீழும் ஒன்றாகத் தைத்தது வேண்டாம். ஐயாமாருக்கு முன்பக்கம் திறப்புள்ளது. பம்பர்ஸ் கட்டுகிறவர்களுக்கும், கழிவறைக்கு ஓட வேண்டியவர்களுக்கும், கணுக்காலிலிருந்து தொடை வரை போடுகிற தனித்தனிக் கம்பளிக் கால் உறை போதும். இடுப்பில் ஒன்றும் இறக்கத் தேவையில்லை. வீக்கத்துக்கு இறுக்கக் கால்மேஸ் போடச் சொல்லியிருந்தால் அது முதலில், தெர்மல் அதற்கு மேலே. மாலையில் கழற்றும்போது கணுக்காலில் சிவப்பாகப் பட்டி பதிந்த அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பட்டி இறுக்கம், வேறு எடுங்கள். சீனி வருத்தக்காரரின் பாதத்தையும் விரல் இடுக்கையும் அதே நேரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தோய்ப்பதும் வைப்பதும்

உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர் தண்ணீரில் தோயுங்கள். துணியை மிருதுவாக்குகிற திரவம் ஊற்ற வேண்டாம். அது நாரில் படிந்து வியர்வை வெளியேறுவதைத் தடுக்கும். கம்பளியை டிரையரில் போட்டால் உங்கள் தெர்மல் உங்கள் பிள்ளைக்குத்தான் அளவாகும். கதிரையில் விரித்துவிடுங்கள், இந்த வீடுகளின் காய்ந்த காற்றில் விடியக் காய்ந்துவிடும்.

சமைக்கும் இடத்தில் காயப் போட வேண்டாம். தாளித்த மணமும் மீன் பொரித்த மணமும் பொலியெஸ்ரரில் ஏறினால் பஸ்ஸுக்குள் சூடாகும்போது வெளியே வரும். தோய்த்ததை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டுங்கள். கோடைக்கு மெரினோவை நன்றாகத் தோய்த்துக் காற்றுப் போகாத பைக்குள் வையுங்கள், அழுக்குக் கம்பளியைத்தான் பூச்சி தேடி வரும்.

வாங்குவதென்றால் ஒக்ரோபரில் வாங்குங்கள். ஜனவரியில் போனால் நடு அளவுகள் முடிந்திருக்கும். பெப்ரவரிக் கடைசியில் மலிவு விற்பனை வரும்; வளர்கிற பிள்ளைகளுக்கு அடுத்த வருடத்துக்கென்று ஓர் அளவு கூட்டி அப்போது எடுத்து வைக்கலாம்.

அம்மா அப்பாவை விசிற் விசாவில் கூதல் காலத்தில் கூப்பிடுகிறீர்கள் என்றால், பியர்சன் விமான நிலையத்துக்குப் போகும்போது ஜக்கெற்றோடு ஆளுக்கொரு தெர்மலும் கால்மேஸும் கொண்டுபோங்கள். கொழும்பிலிருந்து போட்டுக்கொண்டு வரச் சொல்ல வேண்டாம், அந்தச் சூட்டில் வியர்த்துக் கொட்டும். வந்து இறங்கியதும் கழிவறையில் மாற்றச் சொல்லிவிட்டு, சப்பாத்துக் கயிற்றையும் நீங்களே கட்டிவிட்டு, பிறகு கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.